படிவத்தில் இடமில்லாத பொருள்

கம்பெனி வெளியிட்ட வெள்ளிவிழா மலரின் பதினேழாம் பக்கத்தில் அவருடைய படம் இருக்கிறது. வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, கையில் ஒரு கிரீம் டப்பா. படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறது: "தூய்மையின் காவலர். நமது தயாரிப்புகளின் பக்கம் ஒரு கிருமிகூட நெருங்காதபடி அல்லும் பகலும் காத்து நிற்பவர்."

இரண்டே வரிக்குள் இத்தனை தப்புகளை அடக்குவதற்குத் தனித் திறமை வேண்டும். அவர் காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போகிறவர். கிருமிகளை அவர் விரட்டுவதும் இல்லை. பத்தொன்பது வருடமாக அவற்றைத் தருவித்து, தீனி போட்டு வளர்த்து, ஆளாக்கி, தன் கையாலேயே கிரீமுக்குள் கொண்டுபோய் விடுகிறார். அதற்குத்தான் அவரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். படத்தில் அவர் கையில் இருக்கும் டப்பாகூட அந்தக் கம்பெனியுடையது கிடையாது. பளபளப்பு போதவில்லை என்று, படம் எடுக்க வந்தவர் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் கிருமியக்கா. நேரில் "மேடம்", நகர்ந்த பிறகு, வாசல் காவலர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் கிருமியக்காதான். அவருக்கும் இது தெரியும். "காவலர்னு எழுதினதுக்கு இது எவ்வளவோ தேவலை. இதுல பாதியாவது உண்மை," என்பார்.

அவருடைய அறை மூன்றாம் கட்டடத்தின் கடைசியில், கழிப்பறைகளைத் தாண்டி இருந்தது. ஒரு மேசை, ஓர் உயரமான நாற்காலி, வாய் அகலமான தொட்டி, கிருமிகளைக் கதகதப்பாக வைத்து வளர்க்கும் இன்குபேட்டர், ஒரு பழைய ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஐந்து கண்ணாடிக் குழாய்கள். ஐந்து வகைக் கிருமிகள். ஒவ்வொன்றுக்கும் நாக்கு சுளுக்கிக்கொள்கிற நீளத்தில் ஒரு விஞ்ஞானப் பெயர் உண்டு. கிருமியக்கா தன் வசதிக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தார். ஐந்தில் பெரிய ஆள் 'மாப்பிள்ளை'. கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த இடத்தில் கிடைத்ததையெல்லாம் தின்னும். கிளப்புவது கஷ்டம். வளர்க்கிற தட்டு முழுவதும் பச்சை நிறத்தைப் பரப்பிவிட்டுத்தான் ஓயும். கண்ணின் மேல் ஒரு சின்னக் கீறல் இருந்து, அதில் மாப்பிள்ளை புகுந்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் கருவிழி புண்ணாகிப் பார்வையே போகலாம். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கிருமியக்கா சிரிக்காமல் சொல்வார்.

முகத்தில் பூசுகிற கிரீமில் எண்ணெயும் தண்ணீரும் இருக்கின்றன. தண்ணீர் இருக்கிற இடத்தில் குடியேற ஆள் வந்துவிடும். டப்பாவைத் திறந்து விரலை விடுகிற ஒவ்வொருவரும், எவ்வளவு சுத்தக்காரராக இருந்தாலும், நாலு உயிரை உள்ளே இறக்கிவிட்டுத்தான் விரலை எடுக்கிறார். அந்த விரலின் வேலையைக் கிருமியக்கா ஆராய்ச்சி அறையில் செய்வார். ஒரு கிராம் கிரீமுக்குப் பத்து லட்சம் கிருமி என்ற கணக்கில் கலந்து, மூடி, இருபத்தெட்டு நாள் காத்திருப்பார். இடையில் ஏழாம் நாள், பதினாலாம் நாள் எடுத்துப் பார்ப்பார். கிருமிகள் செத்திருந்தால் கிரீம் தேறியது. பிழைத்திருந்தால் கிரீம் போச்சு.

கிருமிகளைச் சாகடிக்கிற பொருள் பல காலமாகப் பாரபென்தான். கிரீமைக் கெடாமல் காப்பது அதன் ஒரே வேலை.

பாரபென் விஷயத்தில் உலகம் இரண்டு கட்சியாக நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கட்சி அதை விஷம் என்றது. உடம்பின் சுரப்பிகளைக் குழப்பும், கட்டி வரவழைக்கும் என்றது. இன்னொரு கட்சி, போடுவது துளியிலும் துளி, இத்தனை வருடமாகப் பார்த்துவிட்டோம் என்றது. முதல் கட்சியில் பாதிப் பேர் ஆய்வு எதையும் படித்ததில்லை. இரண்டாம் கட்சியில் பாதிப் பேருக்குக் கிரீம் விற்பதுதான் பிழைப்பு. கிருமியக்கா எதிலும் சேரவில்லை.

"முழுக்க நல்லதுன்னு நான் எப்ப சொன்னேன்? அந்தக் குடும்பத்துல ரெண்டு மூணு வகையைச் சில நாட்டுல நிறுத்திட்டாங்க. மிச்சத்துக்கு அளவு வச்சிருக்காங்க. வைக்கட்டும், இன்னும் குறைக்கணும்னா குறைக்கட்டும். ஆனா இது வேணாம்னா வேற எதுன்னு கேட்டா மட்டும், எல்லாரும் விட்டத்தைப் பார்க்கறாங்க."

இப்படி அவர் சொன்னது முதலாளியின் அறையில் நடந்த கூட்டத்தில். கூட்டத்தைக் கூட்டியவர் விளம்பர மேலாளர். மனிதர் பேசும்போது கையால் காற்றில் டப்பா வரைவார். வெள்ளிவிழா மலரை எழுதியவரும் அவர்தான். கிருமியக்காவின் அறைக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்ற பயம்.

"மேடம், இப்பல்லாம் ஜனங்க டப்பாவைத் திருப்பிப் பார்த்துட்டுத்தான் வாங்கறாங்க," என்றார்.

"பார்க்கட்டும். அதுக்குத்தானே எழுதறோம்."

"முன்பக்கம் பெருசா 'பாரபென் இல்லை'ன்னு போடணும்."

"சரி. பின்பக்கம் என்ன இருக்குன்னு போடுவீங்க?"

"இயற்கை."

"இயற்கைதான் சார் என் ஃபிரிட்ஜுல அஞ்சு குழாய்ல இருக்கு."

முதலாளி சிரித்தார். சிரித்துவிட்டு விளம்பர மேலாளர் பக்கம் சாய்ந்தார். முதலாளிக்கு அது பழக்கம்; யார் சொன்னதற்குச் சிரிக்கிறாரோ அவருக்கு எதிராகத்தான் தீர்ப்புச் சொல்வார்.

கிரீம்களுக்குக் கலவை தயாரிக்கிற நிபுணர் மூன்று மாதம் தேடி ஒரு வேர்ச்சாற்றைக் கண்டுபிடித்தார். ஏதோ மலையில் விளைகிற ஏதோ வேர். கிருமியைக் கொல்லும் என்று சாறு விற்கிறவர்கள் வண்ணக் காகிதத்தில் எழுதியிருந்தார்கள். பாரபெனை எடுத்துவிட்டுச் சாற்றைப் போட்டுக் கிரீம் செய்தார்கள். கிருமியக்கா மாப்பிள்ளை உள்பட ஐந்து பேரையும் உள்ளே இறக்கினார். ஏழாம் நாள் ஒருத்தரும் இல்லை. பதினாலாம் நாளும் இல்லை. இருபத்தெட்டாம் நாள் விளம்பர மேலாளர் எல்லாருக்கும் கேக் கொடுத்தார்.

கிருமியக்கா கேக்கைச் சாப்பிட்டார். சந்தேகத்தை விழுங்கவில்லை. எந்த வேரும் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்து அவர் கண்டதில்லை. மழை பெய்த வருடம் ஒரு மாதிரி, பெய்யாத வருடம் வேறு மாதிரி இருப்பதுதான் வேரின் குணம். சாற்றில் கொஞ்சம் எடுத்துப் பக்கத்து அறையில் கருவி ஓட்டுகிறவரிடம் கொடுத்தார். பொருளுக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி அது.

மறுநாள் கருவிக்காரர் கதவைத் தட்டினார். "மேடம், ஒரு விசேஷம். இந்த வேர்ல பாரபென் காய்க்குது."

நடந்தது இதுதான். சாறு வழியில் அழுகிவிடக்கூடாதே என்று விற்றவர்கள் அதில் தாராளமாகப் பாரபெனைக் கொட்டியிருந்தார்கள். வேருக்குத் தன்னையே காப்பாற்றிக்கொள்ளத் துப்பில்லை. கிரீமைக் காப்பாற்றியது அதோடு திருட்டுத்தனமாக வந்து சேர்ந்த பழைய ஆள்தான்.

கிருமியக்கா முதலாளி அறைக்குப் போய்ச் சொன்னார். கலவை நிபுணருக்கு முகம் சுருங்கியது. விளம்பர மேலாளருக்கு எதுவும் சுருங்கவில்லை.

"நம்ம கையால போடலையே மேடம். அவங்க போட்டது அவங்க சாறு கெடாம இருக்கறதுக்கு. நாம சேர்க்காததை 'சேர்க்கப்படவில்லை'ன்னு சொல்றதுல என்ன பொய்?"

"முன்பக்கத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க சார். 'சேர்க்கப்படவில்லை'ன்னு போடலை."

"ரெண்டும் ஒண்ணுதான். இது சின்னதா இருக்கு, லேபிள்ல அடங்குது."

முதலாளி கேட்டார்: "கிரீம் கெடாம இருக்கா?"

"இருக்கு."

"போட்டுக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

"அப்ப உங்க வேலை முடிஞ்சுதே மேடம். கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்து என்பது, சரக்கை விற்பனைக்கு அனுப்பலாம் என்று சொல்லும் வெளியேற்றப் படிவத்தில் போடுவது. ஒவ்வொரு தொகுதி கிரீமுக்கும் ஒரு படிவம். நிறம், மணம், கிருமி எண்ணிக்கை, தேறியது அல்லது தேறவில்லை, காரணம் என்று அதில் கட்டங்கள் இருக்கும். கடைசியில் அறைப் பொறுப்பாளர் கையெழுத்து. லேபிளில் எழுதியிருப்பது உண்மையா என்று ஒரு கட்டம் கிடையாது. அந்த இல்லாத கட்டத்துக்குப் பின்னால் கிருமியக்கா ஒளிந்துகொண்டார். அந்த வருடம் பதினாலு தொகுதிகள் போயின. பதினாலு படிவத்திலும் கையெழுத்துப் போட்டார்.

வாடிக்கையாளர் கடிதங்கள் குவிந்தன. பாரபெனை விட்டபிறகு தோல் லேசாகிவிட்டது என்று ஒருவர். பல வருடத்து அரிப்பு போய்விட்டது என்று இன்னொருவர். உடம்பிலிருந்து விஷம் இறங்குவது கண்கூடாகத் தெரிகிறது என்று ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி. எல்லாரும் பாரபெனைப் பூசிக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதினார்கள். விளம்பர மேலாளர் அவற்றை வரவேற்பறைச் சுவரில் ஒட்டினார்.

கிருமியக்காவின் வீட்டிலேயே ஒரு ரசிகை இருந்தார்: மாடியில் குடியிருந்த ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கண்ணாடி போட்டால் வயசு தெரிகிறது என்று கண்ணுக்குள் லென்ஸ் போட்டுக்கொள்கிறவர். எந்த டப்பாவையும் திருப்பிப் படிக்காமல் வாங்கமாட்டார்.

"அக்கா, உங்க கம்பெனி இப்பதான் உருப்பட்டிருக்கு. இதைப் போட்டதுலேருந்து முகம் மூச்சு விடுது," என்பார்.

"அப்படியா," என்பார் கிருமியக்கா. அந்த ஒற்றைச் சொல்லை ஒரு வருடம் ஓட்டினார்.

அடுத்த வருடம் சாறு விற்கிறவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. காலத்தின் அழைப்பை ஏற்று, இனித் தங்கள் வேர்ச்சாற்றிலும் பாரபென் இராது என்று பெருமையோடு தெரிவித்திருந்தார்கள். விளம்பர மேலாளர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். "இனிமே நாம நூறு சதவீதம் உண்மை," என்று சொன்னார். முந்தின வருடம் எத்தனை சதவீதம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சட்டம் போட்டு மாட்டியதை அந்த அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லை. கிருமியக்கா வருகைப் பதிவு வரிசையில் நின்றபோது படித்தார். அதற்குள் முகக் கிரீமின் அதே கலவையில், புதுச் சாற்றை வைத்து, கண்ணுக்குக் கீழே பூசுகிற கிரீம் தயாராகிவிட்டது. முதலில் ஒரு சின்னத் தொகுதி, அறுபது டப்பா; விற்பனைக்கு இல்லை என்பதால் அதற்குப் படிவமும் இல்லை. அதை விளம்பர மேலாளர் ஊழியர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் கொடுத்திருந்தார். மூன்று வாரம் உபயோகித்துவிட்டுப் புகழ்ந்து நாலு வரி எழுதித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. பின்னாலேயே எட்டாயிரம் டப்பா தயாராகிக்கொண்டிருந்தது. வாய் அகலமான டப்பா, விரலை விட்டு எடுப்பது மாதிரி.

கிருமியக்கா கலவை நிபுணரிடம் போனார். "புதுச் சாறு. மறுபடி இருபத்தெட்டு நாள் சோதனை போடணும்."

"எதுக்கு? ஃபார்முலா மாறலையே."

"சாறுல இருந்த பாரபென் போயிடுச்சே."

"சாறுல பாரபென் இருந்ததா எந்த ஃபைல்ல இருக்கு?"

எந்த ஃபைலிலும் இல்லை. காகிதத்தில் அந்தப் பொருள் என்றைக்குமே இருந்ததில்லை. இருந்ததாக எழுதாத ஒன்று இல்லாமல் போனதை எங்கே எழுதுவது? ஃபார்முலா மாறாவிட்டால் சோதனை வேண்டாம் என்பது விதி. மூடிய டப்பாவைத் திறந்து எண்ணிக்கை பார்த்தால் போதும். மூடிய டப்பாவில் ஒரு கிருமியும் இல்லை. விதிப்படி எட்டாயிரம் டப்பாவும் தேறிவிட்டன. பாக்கி, அவருடைய கையெழுத்து மட்டும்தான்.

யாரும் கேட்காமலே அவர் சோதனையைத் தொடங்கினார். ஏழாம் நாள் மாப்பிள்ளை இறக்கிவிட்ட அளவில் அப்படியே இருந்தது. பதினாலாம் நாள் குடும்பம் பெருகியிருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் விளம்பர மேலாளர் மேசைமேல் வைத்தார். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"மேடம், நீங்க பத்து லட்சம் கிருமியை உள்ளே விட்டுட்டுக் கிரீம் கெட்டுப்போச்சுங்கறீங்க. வாங்கறவங்க வீட்ல யாரு மாப்பிள்ளையைக் கொண்டுபோய் விடப்போறா?"

"விரல் விடும்."

"நம்ம கஸ்டமருங்க ரொம்ப டீசன்ட் மேடம்."

கிருமியக்கா கஸ்டமர்களின் விரலையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். விளம்பர மேலாளர் கொடுத்த அறுபது டப்பாக்கள் மூன்று வாரமாக அறுபது வீடுகளில் திறந்து மூடிக்கொண்டிருந்தனவே. பாதி தீர்ந்த டப்பாவைக் கொடுத்தால் வேறு புதுக் கிரீம் தருவதாகச் சாப்பாட்டு அறையில் ஒரு காகிதம் ஒட்டினார். முப்பது டப்பா வந்தது. முப்பத்தொன்றாவதை வாங்க மாடி ஏறினார்.

ஓரகத்தி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். டப்பா குளியலறையில், லென்ஸ் வைக்கிற கிண்ணத்துக்குப் பக்கத்தில், மூடி சரியாகத் திருகாமல் இருந்தது.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது கம்பெனி பழக்கமாக்கா, உங்க பழக்கமா?"

"வேற தரேன் ம்மா. இதுல என்ன இருக்குன்னு பார்க்கணும்."

"அதான் லேபிள்லயே போட்டிருக்கே."

"லேபிள்ல இல்லாததைப் பார்க்கணும்."

ஓரகத்தி சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். கணக்கு டீச்சரிடம் பாதி வழியில் நிறுத்த முடியாது. படிப்படியாகக் கேட்டார். கிருமியக்காவும் படிப்படியாகச் சொன்னார். வேர், சாறு, கருவி, பதினாலு தொகுதி.

"அப்ப போன வருஷம் பூரா நான் போட்டுக்கிட்டது?"

"பாரபென்தான்."

"முகம் மூச்சு விடுதுன்னு உங்ககிட்டயே சொன்னேனே."

"சொன்னே."

"நீங்க 'அப்படியா'ன்னீங்க."

"ஆமா."

"ஸ்டாஃப் ரூம்ல இருக்கற அத்தனை பேரையும் வாங்க வச்சேன். லேபிளைத் திருப்பிக் காட்டிக் காட்டி. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைஞ்சா போயிடுவீங்க? நல்லா கோமாளி ஆக்கினீங்க."

"அது கெடுதல் பண்ணலை. அதனால விட்டேன். இது கெடுதல் பண்ணும். அதான் வந்திருக்கேன்."

"எப்படிக்கா நம்பறது? பொய்யின்னு தெரிஞ்சே பதினாலு தடவை கையெழுத்துப் போட்டவங்க நீங்க. நாளைக்கு 'அன்னைக்குச் சொன்னதும் வேற மாதிரி'ன்னு வந்து நிப்பீங்க."

சொல்லிவிட்டு டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் கிருமியக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

முப்பத்தொரு டப்பாவிலிருந்தும் எடுத்துத் தட்டுகளில் தேய்த்து, இன்குபேட்டரில் வைத்தார். இரண்டு நாள் கழித்துத் திறந்தார். பதினொன்றில் கிருமி வளர்ந்திருந்தது. அதில் மூன்று தட்டுகள் பச்சை. ஆராய்ச்சி அறை மாப்பிள்ளை இல்லை, வீடுகளிலேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளை. டப்பாக்களில் எண் மட்டும்தான் ஒட்டியிருந்தார். பச்சை மூன்றில் ஒன்று முப்பத்தொன்றாம் எண்; அது யாருடையது என்பதைக் குறிப்பேட்டில் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து வகுப்பிலிருந்து கூப்பிட வைத்தார்.

"லென்ஸைக் கழட்டிடு ம்மா. இப்பவே."

"கிளாஸ் நடக்குது."

"கழட்டிட்டு நடத்து."

"போர்டே தெரியாதுக்கா."

"உனக்குத் தெரியாத கணக்கா? பார்க்காம போடு. சாயங்காலம் கண் டாக்டர்கிட்ட போகலாம்."

மறுமுனையிலிருந்து, "வலது கண்ணு நேத்துலேருந்து உறுத்துது," என்று மெதுவாகக் கேட்டது.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இமை ஓரம் சிவந்திருக்கிறது, கருவிழிக்கு ஒன்றுமில்லை, இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம் என்றார். சொட்டு மருந்து கொடுத்து, லென்ஸைக் குப்பையில் போடச் சொன்னார். திரும்பி வரும்போது ஓரகத்தி பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் கேட்டார்: "அந்த எட்டாயிரம் எப்பக்கா போகுது?"

"நாளைக்கு. நான் கையெழுத்துப் போட்டா."

மறுநாள் காலை சரக்கு லாரி வந்து நின்றுவிட்டது. முதலாளி அறையில் கிருமியக்கா மூன்று பச்சைத் தட்டுகளை வரிசையாக வைத்தார். முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது யாரோட டப்பா?"

"எண்தான் சார் போட்டிருக்கேன்."

"எங்க வீட்லயும் ஒண்ணு குடுத்தாங்களே. அது இதுல இருக்கா?"

"யாரோடதுங்கறது தேவையில்லை சார். எட்டாயிரம் டப்பா, எட்டாயிரம் விரல்."

முதலாளி தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருந்தாலும் விளம்பர மேலாளர் பக்கம் சாய்ந்தார். "என்ன செய்யலாம்?"

"மூடின டப்பா சுத்தமா இருக்குன்னு மேடமே எழுதியிருக்காங்க சார். விதிப்படி தேறிடுச்சு. திறந்தப்பறம் நடக்கறதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"கிரீம் டப்பாவைத் திறக்காம வச்சுக்கணும்னு லேபிள்ல போட்டுடுங்க சார். அதுவும் சின்னதாத்தான் இருக்கும், அடங்கும்," என்றார் கிருமியக்கா.

"மேடம், இஷ்டமில்லைன்னா விடுங்க. பொறுப்பை எடுத்துக்க இங்க ஆள் இருக்கு," என்றார் விளம்பர மேலாளர்.

கிருமியக்கா வெற்றுப் படிவத்தை அவர் பக்கம் தள்ளி, பேனாவின் மூடியைக் கழற்றி மேலே வைத்தார். காற்றில் டப்பா வரைகிற கை மேசைக்குக் கீழே போய்விட்டது. கலவை நிபுணர் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார்.

பிறகு கலவை நிபுணர்தான், குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் அனுதாபத்தோடு பேசினார். "மேடம், யோசிங்க. தேறலைன்னு போட்டா, காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதுவீங்க? ஃபார்முலா மாறலை. இல்லைன்னு சொன்னது இப்ப இல்லாம போயிடுச்சுன்னா எழுத முடியும்? எழுதினா போன வருஷத்துப் பதினாலு ஃபைலும் வெளியில வரும். அதுல எங்க கையெழுத்து கிடையாது. உங்க கையெழுத்துதான் இருக்கு."

"தெரியும்."

"வேலை போயிடும் மேடம்."

"ஃபிரிட்ஜை யாராவது பார்த்துக்குங்க. வாரத்துக்கு ஒரு தடவை தீனி போடணும்," என்று சொல்லி, கிருமியக்கா பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

லாரி காலியாகத் திரும்பியது. எட்டாயிரம் டப்பாக்களும் அழிக்கப்பட்டன. அடுத்து வந்த கண் கிரீமில் பாரபென் இருந்தது. அளவோடு, பின்பக்கம் பெயரோடு. முன்பக்கத்தில் 'மறைக்க எதுவுமில்லை' என்று பெரிதாகப் போட்டார்கள். விற்பனை ஒன்றும் குறையவில்லை. அடுத்த மலரில் இதை 'வெளிப்படைத்தன்மையை நோக்கி நிர்வாகத்தின் துணிச்சலான முடிவு' என்று விளம்பர மேலாளர் எழுதினார். மூன்றாம் பக்கத்தில் முதலாளியின் படம். பதினேழாம் பக்கத்தில் டப்பாவுக்கு மூடி போடும் இயந்திரத்தின் படம் இருந்தது. கிருமியக்காவை அட்டைப்பெட்டிக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில், புது ஆள் பராமரித்த ஐந்து குழாய்களில் நாலு செத்துப்போயின, மாப்பிள்ளை மட்டும் ஜோராக இருந்தது. அதன்பிறகு சத்தமில்லாமல் அவரைப் பழைய அறைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். காவலர் என்று பிறகு யாரும் எழுதவில்லை. ஓரகத்தி இப்போது கண்ணாடிதான் போடுகிறார், எந்த டப்பா வாங்கினாலும் லேபிளை ஒரு தடவை படித்துவிட்டு, மாடியிலிருந்து இறங்கி வந்து, "இது உண்மையாக்கா?" என்று கேட்கிறார்.

அன்று காலை முதலாளியின் மேசையில் அவர் செய்தது இவ்வளவுதான். எட்டாயிரம் டப்பாக்களின் படிவத்தில் 'தேறவில்லை' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், 'இதைக் கெடாமல் காத்த பாரபென் இப்போது இல்லை; கீழ்க்கண்ட தொகுதிகளில் இருந்தது, இல்லை என்று லேபிளில் போட்டது பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டேன்' என்று எழுதி, பதினாலு எண்களையும் வரிசையாகக் குறித்து, கீழே கையெழுத்துப் போட்டார்.